என் கைகள் இருந்த இடம்

கையைப் பார்க்காதே என்று சொல்லித்தான் நான் மூன்று வருஷம் சம்பளம் வாங்கினேன். மாட வீதிக்கு ஒரு தெரு தள்ளி, பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பதினோரு மெஷின், அதில் இரண்டு எப்போதும் ரிப்பேர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு சர்க்கார் வேலைக் கனவோடு வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் முதல் பாடம் எடுப்பேன். கண் பேப்பரில் இருக்க வேண்டும், விரல் கீயில் இருக்க வேண்டும். யாராவது திருட்டுத்தனமாகக் குனிந்து விரலைப் பார்த்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பழைய காலண்டர் அட்டையை அவர்கள் கைக்கு மேலே கூரை மாதிரி நிறுத்திவிடுவேன். "உன் விரல் எங்க இருக்குன்னு உனக்கே தெரியாதா? அதையும் கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். அந்தக் காலத்தில் எனக்கு வாய் ஜாஸ்தி. இப்போதும் ஒன்றும் கம்மி இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாசம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர், குழந்தையோடு நான்கு. என் கணவருக்கு பஸ் கம்பெனியில் செக்கர் வேலை. விடிவதற்குள் போனால் ராத்திரிதான் வருவார். அவருடைய அக்கா எங்களோடு இருந்தார். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர், பிள்ளை இல்லை. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சமையல், ரேஷன், கோயில் எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கும் அவருக்கும் சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நல்லா இருக்கிறாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதும் கிடையாது.

பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் அடித்து ஐந்தாம் நாள் விட்டுவிட்டது. காலையில் கண் விழித்தபோது உடம்பு ரொம்ப லேசாக இருந்தது. காய்ச்சல் விட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சந்தோஷமாகப் படுத்திருந்தேன். பிறகுதான் கவனித்தேன். லேசாக இருக்கவில்லை, உடம்பே இருக்கவில்லை. கட்டிலில் என் தலை மட்டும் கிடந்தது. அண்ணி காபி டம்ளரை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போனார். எடுக்க நினைத்தேன். எங்கிருந்தோ ஒரு கை எழும்பி, டம்ளரைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது. வளையல் உடைந்த சத்தம் கேட்டது. வளையலைப் பார்த்துத்தான் அது என் கை என்று தெரிந்துகொண்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் இருந்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா, என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். ஒரு நாள் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "இப்ப உங்க கட்டை விரல மேலயும் கீழயும் அசைக்கப் போறேன். எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லுங்க" என்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரமாயிற்று. எனக்குப் பொறுமை போய், "ஆரம்பிங்க டாக்டர்" என்றேன். கண்ணைத் திறந்தால் என் கட்டை விரல் அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே இருந்தது. அவர் அதை மேலே, கீழே, மேலே என்று மடக்கி நிமிர்த்திக்கொண்டேயிருந்தார். பக்கத்தில் நின்ற என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கைக்கு பலம் அப்டியே இருக்கு" என்று டாக்டரம்மா சொன்னார். "மூளையிலேர்ந்து கைக்கு உத்தரவு கொண்டு போற நரம்புக்கு ஒண்ணும் ஆகல. கைலேர்ந்து மூளைக்குச் சேதி கொண்டு வர்ற நரம்பு இருக்கே, அதுதான் போயிடுச்சு. கை எங்க இருக்கு, மடங்கியிருக்கா நீட்டியிருக்கா, எதத் தொடுது, எவ்வளவு கனம் தூக்குது, எந்தச் சேதியும் உங்களுக்கு வராது. சேதி வராம உத்தரவு மட்டும் போனா கை தறிகெட்டுத்தான் போகும்."

"சூடு தெரியுதே? ஊசி குத்துனா வலிக்குதே?"

"அது வேற நரம்பு. அது தப்பிச்சிடுச்சு. கழுத்துக்கு மேலயும் ஒண்ணும் ஆகல. உங்க மூஞ்சி மொதல்ல இருந்த மாதிரிதான் இருக்கு."

திரும்ப வருமா என்று கேட்டேன். காலில் கொஞ்சம் வரலாம், கையில் சொல்ல முடியாது என்றார். "இனிமே கண்ணுதான் உங்களுக்கு அந்த நரம்பு. பாத்துக்கிட்டே இருக்கற வரைக்கும் கை உங்க பேச்சக் கேக்கும்" என்றார்.

அப்படித்தான் மறுபடி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். ஸ்பூனைப் பார்த்து, விரலைப் பார்த்து, முழங்கையைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் உத்தரவு போட்டு ஒரு வாய் சாப்பிட்டால் வேர்த்துப்போகும். காலைப் பார்த்துக் காலைப் பார்த்து நடந்தேன். கால்கள் மெல்ல ஓரளவு திரும்பின. கைகள் திரும்பவில்லை. போதாததற்கு இன்னொன்று. எதிர்க் கட்டிலில் ஒரு ஆம்பூர்க்கார அம்மா இருந்தார். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்மா, நீ கண்ண மூடிக்கினு இருக்கும்போது உன் விரலுங்க மட்டும் இன்னாமோ பண்ணுதே, அது இன்னா பிரார்த்தனையா?" எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. நான் பார்க்காத நேரத்தில் என் விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து, மடங்கி, எதையோ தேடுகிற மாதிரி மெதுவாக அசைகின்றனவாம். பார்த்தால் நின்றுவிடும். அதனால் அதை நான் ஒரு முறையும் முழுசாகப் பார்த்ததில்லை.

ஆனி மாசம் ஊருக்குத் திரும்பினேன். ஆட்டோவில் வரும்போது மலையைப் பார்த்ததும் அழுதேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஏங்கியது மலைக்காக இல்லை. வீட்டு வாசலில் அண்ணி நின்றார், இடுப்பில் என் பெண். ஆறு மாசக் குழந்தை. என்னைப் பார்த்துவிட்டு அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

வயிறு எரிந்தது. அண்ணி அந்த மூன்று மாசமும் பாலைக் காய்ச்சிக் கொடுத்து, ராத்திரி விழித்து, தடுப்பூசி போட்டு, என் குழந்தையைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், குழந்தையை நான்தான் தூக்குவேன் என்று.

தூக்கினேன். உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் பார்த்து வளைத்து, குழந்தையை அதற்குள் வைக்கச் சொல்லி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்க்கிற வரைக்கும் கை நின்றது. யாராவது கூப்பிட்டு, நான் நிமிர்ந்துவிட்டால் போச்சு. முழங்கை தானாக நெகிழும், குழந்தை சரியும். அண்ணி எங்கே இருந்தாலும் ஓடி வந்து வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்வார் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது நான் பிடுங்கிக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். குழந்தையின் கனம் எனக்குத் தெரியாது. அதன் உடம்பின் மெத்தென்ற தன்மை என் கைக்குத் தெரியாது. குனிந்து கன்னத்தை அதன் தலையில் வைத்தால் மட்டும் மயிரும் எண்ணெயும் பால் வாசனையும் தெரியும். என் குழந்தையை நான் கன்னத்தால்தான் தொட்டேன்.

விடியற்காலையில் ஒரு நாள் யாரோ என் முகத்தைத் தடவுவதை உணர்ந்து விழித்தேன். குளிர்ந்த விரல்கள். நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்து, உதட்டின்மேல் நின்றன. கணவர் வேலைக்குப் போய்விட்டார், அண்ணி குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. அப்படியானால் இது யார்? மெதுவாகக் கண்ணை இறக்கிப் பார்த்தேன். என் இடது கை. தொடப்படுகிற முகத்துக்குத் தெரிந்தது, தொடுகிற கைக்குத் தெரியவில்லை. நீங்கள் இப்போதே உங்கள் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் அது வேறு ஆளின் கை. எனக்கு அதற்கப்புறம் தினமும் விடியற்காலையில் அந்த வேறு ஆள் வந்தாள்.

ஆடி வெள்ளிக்கிழமை அண்ணி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அம்மன் சன்னதியில் கூட்டம் நெரிந்தது. கம்பித் தடுப்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். கற்பூரம் காட்டினார்கள். நின்றுகொண்டு கண்ணை மூடக் கூடாது என்று வேலூரில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கற்பூரம் காட்டும்போது கையைத் தலைக்குமேல் கூப்பிக் கண்ணை மூடுவது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். மூடிவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பக்கத்தில் யாரோ ஒரு பெண் வீறிட்டாள். "அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!"

கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்னால், என் தலைக்கு மேலே, இரண்டு கைகள் விரிந்து நின்றன. பத்து விரல்களும் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்துகொண்டிருந்தன. பார்த்த மாத்திரத்தில் நிற்காமல், ஒரு கணம் தொடர்ந்து ஆடிவிட்டுத்தான் நின்றன. அழகாக இருந்தன என்றுகூடச் சொல்வேன். யார் இந்தப் பெண் என்று நினைத்தேன். அதற்குள் காலடியில் ஒரு அம்மா விழுந்துவிட்டார்.

"எம் புள்ள மெட்ராசுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு தாயே. எப்பத் திரும்பி வருவான்?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்?" என்றேன்.

"கோவமா இருக்கியா தாயே? இன்னா கொற வச்சேன் சொல்லு" என்று அந்த அம்மா தலையிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் கையைப் பார்த்துத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி குங்குமத்தை எடுத்து என் இரண்டு மணிக்கட்டிலும் வைத்தார். "மூஞ்சி உன்னுதுதான். கைதான் வேற யாரோடதோ" என்றார். "அம்மாவா, வேற இன்னாவான்னு எனக்குத் தெரியாது. புள்ளையத் தூக்கும்போது மட்டும் ஜாக்கிரதையா இரு."

"அது நரம்புக் கோளாறு அண்ணி. டாக்டர் சொன்னது உங்க தம்பியக் கேளுங்க."

"நரம்புன்னா இப்படியா ஆடும்?"

நான் கத்தினேன். படிப்பறிவு இல்லாத பேச்சு என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். உண்மை என்னவென்றால், அவர் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம்.

புரட்டாசியில் நடந்ததை எழுத எனக்கு இன்னும் கூசுகிறது. மத்தியானம். மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அண்ணி டின்னை எடுத்துக்கொண்டு போயிருந்தார். பாயில் குழந்தை மல்லாந்து தூங்கியது. பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் அசந்துவிட்டது. ஏதோ ஒரு சத்தம் எழுப்பியது. அழுகை இல்லை, அழுகையின் அடைபட்ட சத்தம். என் வலது கை குழந்தையின் முகத்தின்மேல் கிடந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டு கிடந்தது. குழந்தை தன் இரண்டு கையாலும் என் விரல்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அது தள்ளுவதை நான் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

எடு என்று கைக்கு உத்தரவு போட்டேன். பயத்தில் போட்ட உத்தரவு. கை எழும்புவதற்கு முன்னால் ஒரு தரம் இன்னும் அழுத்தியது. அப்புறம்தான் எழும்பியது. குழந்தை மூச்சை இழுத்து வீறிட்டு அழுதது. கன்னத்தில் சிவப்பாகத் தடம்.

அண்ணி வந்ததும் குழந்தையைத் தூக்கி முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா தடம் இது?"

"பாய்ல கவுந்து படுத்துட்டா" என்றேன்.

அவர் அந்தத் தடத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தை என்னிடமிருந்து போய்விடும், அது மட்டும்தான் புத்தியில் இருந்தது. என் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதைவிடக் குழந்தை யாரிடம் இருக்கும் என்பது எனக்குப் பெரிதாக இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அன்று முதல் மத்தியானம் படுப்பதற்கு முன்னால் பழைய புடவைக் கிழிசலால் என் வலது கையைக் கட்டில் காலோடு கட்டினேன். இடது கையைப் பார்த்துப் பார்த்து, பல்லாலும் இழுத்துக் கட்டுவேன். அண்ணி அதற்கப்புறம் மத்தியானங்களில் எங்கேயும் வெளியே போகவில்லை. வேவு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து கணவரின் சித்தப்பா குடும்பம் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். வீடு முழுக்கப் பை, செருப்பு, குழந்தைகள். சித்தி வாய் சும்மா இருக்காது. "காலையிலேர்ந்து பாக்குறேன், புள்ள பெரியவ இடுப்ப உட்டு எறங்கல. பெத்தவ யாருன்னே தெரியலயே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். என் உடம்பில் உணர்ச்சி இல்லாத இடமெல்லாம்கூடச் சுட்டது. சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடிக்குக் கிளம்பியபோது, குழந்தையை நான் தூக்கிக்கொண்டு வருவேன் என்றேன். அண்ணி என்னையே பார்த்தார். கணவர் என்னைப் பின்னாலிருந்து தாங்கிப் படியேற்றினார். தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் குழந்தையை வெள்ளை டர்க்கி டவலில் சுற்றியிருந்தார்கள். கெட்டியான டவல். குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது.

மாடியில் தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து நின்றேன். நாலடியில் கைப்பிடிச் சுவர், முழங்கால் உயரம்தான். கீழே தெருவில் ஜனம் நகர இடமில்லாமல் நின்றது. என் கைகளைப் பார்த்தேன். சரியாக வளைந்து, சரியாகப் பிடித்திருந்தன. சித்தி இப்போது பார்க்கட்டும் என்று இருந்தது.

மலையில் தீபம் தெரிகிற வரைக்கும் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் விளக்கு எரியாது. எரிந்துகொண்டிருப்பதையும் அணைத்துவிடுவார்கள். மலையில் தெரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல், உள்ளே லைட் எல்லாம். ஊருக்கே தெரிந்த வழக்கம். நானும் பிறந்ததிலிருந்து அந்த இருட்டில் நின்றிருக்கிறேன். கண்ணால் மட்டுமே கையைப் பிடித்து வைத்திருக்கிற ஒருத்தி அந்த இருட்டில் என்ன செய்வாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கீழே யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். எதிர் வீடு அணைந்தது, பக்கத்து வீடு அணைந்தது. மேகம் மூடியிருந்ததால் மிச்சமிருந்த வெளிச்சமும் இல்லை.

உடம்பு போய்விட்டது. பங்குனிக் காலையைப் போல என் தலை மட்டும் இருட்டில் நின்றது. கைகள் எங்கே என்று தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே டவலின் வெள்ளை மங்கலாகத் தெரிந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். வெள்ளை தெரிகிறது, குழந்தை இருக்கிறது. வெள்ளை தெரிகிறது, குழந்தை இருக்கிறது. சுற்றிலும் ஆட்கள் இடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். யாரோ ஒருவர் எனக்கு மிக அருகில் வந்து, மூச்சு என் முகத்தில் பட நின்றுவிட்டு விலகினார். நான் நிமிரவில்லை. வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரமோ. "இதோ, இதோ" என்று குரல்கள் எழுந்தன. ஏன் என்று தெரியாத ஒரு திகில் வந்தது. குழந்தை ரொம்ப அமைதியாக இருந்தது. முகத்தைக் குனிந்து கன்னத்தை டவலில் வைத்தேன்.

ஈரத் துணி. குளிர்ந்து கிடந்தது. இன்னும் அழுத்தினேன், துணி அமுங்கியது. உள்ளே தலை இல்லை, தோள் இல்லை. துணியோடு உதட்டை நகர்த்திக்கொண்டே போனேன். கடைசியில் தோல் பட்டது. வளையல் பட்டது. என் மணிக்கட்டு.

நாலடியில் கைப்பிடிச் சுவர். அதற்குக் கீழே தெரு.

கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்ததில்லை. அதே நொடியில் மலை உச்சியில் தீபம் ஏறியது. எங்கள் மாடி, எதிர் மாடி, தெரு, கோயில், ஊரே ஒரே குரலில் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று எழுந்தது. என் கத்தல் அதற்குள் போய்விட்டது. பக்கத்தில் கையைத் தலைக்குமேல் கூப்பி அழுதுகொண்டிருந்த சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கனிவாகத் தலையை ஆட்டினார். "கூப்புடும்மா, நல்லாக் கூப்புடு, கேப்பான்" என்றார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். எல்லாரும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

யாரோ ஓடிப்போய் மெயினைப் போட்டார்கள். மாடி பல்பு எரிந்தது. என்னிடமிருந்து ஐந்தாறு அடியில் அண்ணி நின்றார். இடுப்பில் என் பெண், தூக்கம் கலைந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "த பாரு, சாமி பாரு" என்று அண்ணி விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

தொட்டியோடு சரிந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். அவை வளைந்திருக்கவில்லை. இரண்டும் நேராக முன்னால் நீண்டிருந்தன, உள்ளங்கை மேலே பார்த்தபடி, தாம்பாளத்தை எடுத்து நீட்டுவது போல. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஈர டவல் கிடந்தது.

அண்ணி அருகில் வந்து குனிந்தார். "இன்னாத்துக்கு இப்படி அழற?"

"எப்ப எடுத்தீங்க?"

"எடுத்தனா? நீதான குடுத்த" என்றார். "லைட்ட அணைச்சதும் பயமாச்சி, உன்னாண்ட வந்தேன். கை ரெண்டையும் எங்கிட்ட நீட்டுன. டவலு ஈரமா இருந்துச்சி, அத உட்டுட்டு புள்ளைய மட்டும் வாங்கிக்கினேன்." சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் குரல் உடைந்தது. "அஞ்சு மாசமா நான் பறிச்சிக்கினு போற மாதிரியேதான் நீ பாத்த. இன்னிக்குத்தான் நீயா உன் கையால குடுத்த. தீபத்தன்னிக்குக் குடுத்தியேன்னு நான் அங்க நின்னு அழுதுக்கினு இருந்தேன்."

கொடுக்கவில்லை அண்ணி. நான் எதையும் கொடுக்கவில்லை. இருட்டில் கண் விட்டுப்போனதும் கை தானாக நெகிழ்ந்து நீண்டுவிட்டது. நீங்கள் வராமல் இருந்திருந்தால் அது கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நீண்டிருக்கும். இதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. டாக்டரம்மா சொன்ன நரம்புப் பாடம் முழுதும் எனக்கு மனப்பாடம். சித்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் எதுவும் புரியாமல் நின்றார். நான் என் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் அண்ணியின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா அண்ணி, நான்தான் குடுத்தேன்" என்றேன்.

அப்புறம் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இனிமே மத்தியானத்துல அவ உங்களாண்டயே தூங்கட்டும். எங்கிட்ட வேணாம். அன்னிக்கு ஒரு நாளு என் கை அவ மூஞ்சி மேல..."

"தெரியும்" என்றார் அண்ணி. "கன்னத்துல தடத்தப் பாத்தப்பவே விரல எண்ணிட்டேன். நாலு இருந்துச்சி. நீயாச் சொல்லுவேன்னுதான் வெளிய கிளிய போவாம உக்காந்துக்கினு இருந்தேன்."

கீழே சித்தியின் பிள்ளைகள் அகல் ஏற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். குழந்தையை என்னிடம் நீட்டவில்லை. மறு பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினார். நானும் கேட்கவில்லை.